சாம்பல் பூத்த ஃபைபர் படகைத் தேய்க்க எந்த மெஷின், எந்த பேட்?

தம்பி, முதலில் உங்கள் கேள்வியை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். ஆழியாறு பக்கம் தென்னந்தோப்போடு சேர்ந்த தங்கும் விடுதி வைத்திருக்கிறீர்கள். உள்ளே சொந்தக் குளம், அதில் வருகிறவர்களுக்காக இரண்டு பெடல் படகு, பதினாறு அடியில் ஒரு கருநீல மோட்டார் படகு. மோட்டார் படகு வெயிலில் கிடந்து சாம்பல் பூத்துவிட்டது, கையை வைத்தால் வெள்ளையாக ஒட்டுகிறது. பாலிஷ் போட மெஷின் விசாரித்தால் ஒரு கடையில் "உங்க கிட்ட இருக்கிற கிரைண்டிங் மெஷின்லயே பேட் மாட்டிக்கலாம்" என்கிறார்கள், இன்னொரு கடையில் கார் டீட்டெய்லிங் செய்கிறவர்கள் வாங்கும் விலை உயர்ந்த பாலிஷரைக் காட்டுகிறார்கள். இதில் எதை எடுப்பது, பேட் எத்தனை, என்ன வகை என்பது உங்கள் கேள்வி.

இரண்டும் வேண்டாம். வேகத்தைக் குறைத்து ஓட்டக்கூடிய ஏழு அங்குல ரோட்டரி பாலிஷர், அதாவது பேட் வட்டமாக மட்டும் சுற்றும் மெஷின், நடுத்தர விலையில், சர்வீஸ் கிடைக்கிற கம்பெனியுடையதாக ஒன்று வாங்குங்கள். மிச்சக் காசை பேட்டில், அதாவது மெஷின் முனையில் மாட்டும் கம்பளி, ஃபோம் வட்டுகளில் போடுங்கள். மெஷின் சுற்றிக் கொடுக்கும், அவ்வளவுதான். அரைப்பதும் மினுக்குவதும் பேட்டும் காம்பவுண்டும் (தேய்க்கிற பசை) சேர்ந்து செய்கிற வேலை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மெஷினாக இருந்தாலும், காம்பவுண்ட் காய்ந்து இறுகிப்போன ஒரே பேட்டை மாட்டி நாள் முழுக்கத் தேய்த்தால் படகு முழுக்கச் சுழிதான், அதாவது வட்ட வட்டமான மெல்லிய கீறல்தான் விழும். சுமாரான மெஷினில் சுத்தமான பேட்டை மாற்றி மாற்றிப் போட்டால் முகம் பார்க்கலாம்.

ஆனால் கடைக்குப் போவதற்கு முன்னால் படகைப் பார்த்தாக வேண்டும். பெடல் படகு இரண்டும் ஃபைபர்தானா, அதாவது கண்ணாடி நாரும் ரெசினும் சேர்த்து வார்த்ததா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இப்போது வருகிற பெடல் படகுகளில் பல, தண்ணீர்த் தொட்டி வார்க்கிற மாதிரியே பாலிஎத்திலீனில் அச்சு வார்த்தவை. கண்ணில் படாத அடிப்பக்கத்தில் பிளேடு முனையால் லேசாகச் சுரண்டுங்கள். சுருள் சுருளாகச் சீவல் வந்தால் அது பிளாஸ்டிக். அதன் மேல் கம்பளி பேட்டை வைத்தால் சூட்டில் இளகி இழுபட்டுப் போகும், பளபளப்பு வரவே வராது. பொடியாக உதிர்ந்தால், அல்லது உட்பக்கத்தில் நார் பின்னல் தெரிந்தால் அது ஃபைபர். பிளாஸ்டிக் படகைச் சோப்பு போட்டுக் கழுவி நிழலில் வைப்பதைத் தவிர பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, அதற்காக ஒரு ரூபாய் கூடச் செலவு செய்யாதீர்கள்.

அடுத்து, மோட்டார் படகின் மேலே இருப்பது ஜெல்கோட்டா (படகை அச்சில் வார்க்கும்போதே வரும் நிற மேலடுக்கு), பிற்பாடு யாராவது அடித்த பெயிண்டா? பழைய படகாக வாங்கியிருந்தால் இந்தச் சந்தேகம் கண்டிப்பாக வர வேண்டும். வெள்ளைத் துணியில் கொஞ்சம் தின்னர் நனைத்து ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். நிறம் வழிந்து துணியில் ஏறினால், மேல்பரப்பும் பிசுபிசுத்தால், சாதா எனாமல் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அதைத் தேய்த்துப் பிரயோஜனமில்லை. வெறும் நீலச் சாம்பல் மட்டும் லேசாக ஒட்டி, கீழே பரப்பு கல்லாக நின்றால் பெரும்பாலும் ஜெல்கோட். கெட்டியாக்கி கலந்து அடிக்கிற நல்ல டூ-கே பெயிண்டும் தின்னருக்கு அசையாது, அதனால் படகின் விளிம்பில் அடிபட்டுச் சில்லு போன இடம் எதையாவது பாருங்கள்: ஜெல்கோட் என்றால் ஒரே நிறத்தில் தடிமனாக ஓர் அடுக்கு, அதற்குக் கீழே நேராக ஃபைபர். பெயிண்ட் என்றால் மெல்லிய தோலாக இருக்கும், கீழே பிரைமரோ பழைய நிறமோ எட்டிப் பார்க்கும்.

இதை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் தடிமன். ஜெல்கோட் சுமார் அரை மில்லிமீட்டர் இருக்கும். கார் பெயிண்டுக்கு மேலே இருக்கிற நிறமில்லாத கிளியர்கோட் பெரும்பாலும் 40 முதல் 60 மைக்ரான், அதாவது ஜெல்கோட்டில் பத்தில் ஒரு பங்கு. அதனால் காருக்குச் சொல்கிற பயமெல்லாம் படகுக்கு அப்படியே பொருந்தாது, கம்பளி பேட்டைத் தைரியமாக வைக்கலாம். மறுபக்கம், காருக்குப் போதுமான மென்மையான பேட்டும் லேசான பாலிஷும் படகில் ஒன்றும் செய்யாது. ஜெல்கோட் என்பது நிறம் கலந்த பாலியெஸ்டர் ரெசின், வெயிலின் புற ஊதாக் கதிர் மேல்தோலைச் சிதைத்து நுண்ணிய ஓட்டை ஓட்டையாக்கிவிடும், நீங்கள் கையில் பார்க்கிற வெள்ளைச் சாம்பல் அதுதான். செத்துப்போன அந்த மேல்தோலை எடுத்தால்தான் கீழே இருக்கிற நல்ல ஜெல்கோட் வெளியே வரும். எடுக்காமல் மேலே வேக்ஸ் மட்டும் பூசினால் ஓரிரு வாரம் கருநீலமாகத் தெரியும், அப்புறம் பழையபடி ஆகிவிடும். கடைசியாக ஒன்று, கார்க்காரர்கள் வைத்திருக்கும் தடிமன் அளக்கும் கருவியைக் கடன் வாங்கி வந்து வைத்துப் பார்க்காதீர்கள், அது கீழே உலோகம் இருந்தால்தான் காட்டும்.

எவ்வளவு மோசம் என்பதைத் தெரிந்துகொள்ளத் தண்ணீரே போதும். ஒரு பகுதியை நனைத்துப் பாருங்கள். நனைந்த இடம் பழைய கருநீலமாகத் தெரிந்தால் பாலிஷில் திரும்பி வரும். நனைத்தும் வெளிறியே இருந்தால் காம்பவுண்டு மட்டும் போதாது, வாட்டர் பேப்பர் பிடிக்க வேண்டி வரலாம். நார் பின்னல் வரிவரியாகத் தெரிகிறது, அல்லது கரும்பச்சையாக உள் ரெசின் தெரிகிறது என்றால் அங்கே ஜெல்கோட் தீர்ந்துவிட்டது, மெஷினைக் கொண்டுபோகவே கூடாது, புதிதாக ஜெல்கோட் அடிக்கிற வேலை அது.

சரி, மெஷினுக்கு வருகிறேன். இரும்பு அறுக்கிற அந்த ஆங்கிள் கிரைண்டர் ஏன் ஆகாது என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். வீட்டில் இருக்கிற நாலு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும். நாலு அங்குல பேட்டை மாட்டினால் பேட்டின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். அதே சமயம் எட்டு அங்குல கம்பளி பேட்டை 1,200 சுற்றில் ஓட்டினால் விளிம்பு வேகம் 46 கிலோமீட்டர்தான். கிரைண்டரில் ஒரே இடத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டால் ரெசின் கருகி மஞ்சள் திட்டு விழும், வெல்க்ரோ பசை இளகி பேட்டே கழன்று பறக்கும். ஆன்லைனில் "கிரைண்டருக்கான பாலிஷ் கிட்" என்று விற்கிறார்கள், ஸ்பீடு கன்ட்ரோல் இருக்கிற கிரைண்டர் என்றும் சொல்கிறார்கள். அவற்றிலும் பலவற்றில் குறைந்த வேகமே 2,800, 3,000-ல்தான் ஆரம்பிக்கும். நமக்கு ஜெல்கோட்டில் 2,000-ஐத் தாண்ட வேண்டிய அவசியமே வராது.

ரோட்டரியில் பார்க்க வேண்டியது நாலு விஷயம். வேகம் 600-ல் ஆரம்பித்து 3,000 வரை போகிறதா என்பது முதலாவது, கீழ்ப்பக்க வேகம்தான் முக்கியம். அழுத்தினாலும் வேகம் விழாமல் பிடித்து நிற்கும் எலக்ட்ரானிக் கன்ட்ரோல் இருக்கிறதா என்பது இரண்டாவது. இது இல்லாத மெஷினில் 1,400 வைத்து அழுத்தினால் 900-க்கு விழும், கையைத் தளர்த்தினால் பாய்ந்து ஏறும், வேலை திட்டுத் திட்டாக வரும். மூன்றாவது, சுவிட்சைத் தட்டியதும் படாரென்று சுற்றாமல் மெதுவாக எடுக்கிறதா. நான்காவது எடை, இரண்டரை மூன்று கிலோ வரை இருக்கலாம், படகின் பக்கவாட்டில் நாள் முழுக்க இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்க வேண்டியது நீங்கள்தான் என்பதால் கடையில் கையில் பிடித்துப் பார்த்தே வாங்குங்கள். வாட் ஆயிரத்துக்கு மேல் இருந்தால் போதும். பாஷ், மகிட்டா, டிவால்ட் எல்லாரிடமும் ஏழு அங்குல ரோட்டரி இருக்கிறது, கோவையில் இவற்றுக்குக் கார்பன் பிரஷ்ஷும் ஆர்மேச்சரும் கிடைப்பது கஷ்டமில்லை. பெயர் தெரியாத மெஷினை ஆன்லைனில் வாங்கினால் பிரஷ் தேய்ந்த அன்றைக்கு மெஷினே குப்பைக்குப் போய்விடும். வாங்கும்போது ஸ்பிண்டில், அதாவது சுற்றுகிற தண்டு, எம்14 (14 மில்லிமீட்டர்) மரைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பேட்டைத் தாங்குகிற பேக்கிங் பிளேட்டும் அதே மரையில் இருக்க வேண்டும். அமெரிக்க அளவு மரையில் வரும் பிளேட் இதில் ஏறாது.

இரண்டாவது கடையில் காட்டினார்களே, அந்த டூயல் ஆக்ஷன் பாலிஷர், அது மோசமான பொருள் இல்லை. பேட் சுற்றிக்கொண்டே அங்குமிங்கும் ஆடும், அதனால் சுழிக்கோடு விழாது, சூடும் அவ்வளவாக ஏறாது, புதிதாகக் கை பழகுகிறவர்களுக்குப் பயமில்லாத மெஷின். ஆனால் இவ்வளவு சாம்பல் பூத்த ஜெல்கோட்டை அதை வைத்து மட்டும் வெட்டி எடுக்க வேண்டுமென்றால் ரோட்டரியில் ஒரு நாளில் முடிகிற வேலை பல நாள் இழுக்கும். படகின் வளைவில் கொஞ்சம் சாய்த்து அழுத்தியதும் பேட் சுற்றுவதை நிறுத்திவிட்டு வெறுமனே அதிரும், அது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால் கண்டுபிடிக்கலாம், கோடு மங்கலாகச் சுழன்றால் பேட் சுற்றுகிறது, கோடு தெளிவாகத் தெரிந்தால் நின்றுவிட்டது. பட்ஜெட் இடம் கொடுத்தால் ரோட்டரியில் வெட்டிவிட்டு, கடைசி மினுக்கலுக்கு மட்டும் 15 அல்லது 21 மில்லிமீட்டர் ஆட்டம் உள்ள டூயல் ஆக்ஷன் வைத்துக்கொள்ளலாம். கருநீலத்துக்கு இது உண்மையிலேயே உதவும், வெள்ளைப் படகாக இருந்தால் தேவையே இல்லை என்று சொல்லியிருப்பேன். வெள்ளையில் மறையும் சுழியெல்லாம் கருநீலத்தில் சாயங்கால வெயில் சாய்வாகப் படும்போது அப்படியே தெரியும். பேட்டரி மெஷின் வேண்டாம், படகு வேலைக்கு அது தாங்காது.

இனி பேட். இதில் நிதானமாக இருங்கள்.

கம்பளி பேட்டில் முறுக்கு நூலில் செய்தது ஒன்று, முறுக்காத ஆட்டுரோமம் போல மெத்தென்று இருப்பது ஒன்று. முறுக்கு நூல் பேட்தான் கடுமையாக வெட்டும், உங்கள் முதல் சுற்றுக்கு அதுதான். மெத்தென்ற கம்பளி இரண்டாம் சுற்றுக்கு, அதுவும் ஃபோமைவிட வேகமாகவே வெட்டும், ஆனால் தழும்பு குறைவாக விடும். கம்பளியில் நார்களுக்கு நடுவே காற்று ஓடுவதால் ஃபோம் அளவுக்குச் சூடு பிடிக்காது, நம் ஊர் வெயிலில் இது பெரிய சௌகரியம். வெல்க்ரோ ஒட்டும் ஒரு பக்க பேட்டும் உண்டு, அடாப்டரில் மரை போட்டு மாட்டும் இரு பக்க பேட்டும் உண்டு. எனக்குப் படகுக்குப் பிடித்தது இரு பக்கம் உள்ளதுதான். ஒரு பக்கம் நிறைந்ததும் திருப்பி மாட்டலாம், நடுவில் குழிவாக இருப்பதால் வளைவில் வளைந்து கொடுக்கும், ஓரத்தில் கடினமான பிளேட் எதுவும் இல்லாததால் தவறி இடித்தாலும் படகில் வடு விழாது. வெல்க்ரோ வகை வாங்கினால் பேட் எப்போதும் பிளேட்டைவிட அரை அங்குலமாவது ஒரு அங்குலமாவது பெரிதாக இருக்கட்டும், ஏழு அங்குல பிளேட்டுக்கு எட்டு அங்குல பேட். பிளேட்டும் பேட்டும் ஒரே அளவாக இருந்தால் ஒரு நாளைக்குக் கட்டாயம் பிளேட்டின் விளிம்பு ஜெல்கோட்டைக் கீறும்.

ஃபோமில் நிறத்தைப் பார்த்து வாங்கவே வாங்காதீர்கள். ஒரு கம்பெனியின் ஆரஞ்சு வெட்டுகிற பேட், இன்னொன்றின் ஆரஞ்சு மினுக்குகிற பேட், பொதுவான நிற விதி எதுவும் கிடையாது. கட்டிங், பாலிஷிங், ஃபினிஷிங் என்று அட்டையில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள், விரலால் அமுக்கிப் பாருங்கள், விறைப்பாக இருந்தால் வெட்டும், பஞ்சாக இருந்தால் மினுக்கும். ஜெல்கோட்டுக்குக் கட்டிங் ஃபோம் இரண்டும் பாலிஷிங் ஃபோம் இரண்டும் போதும், கருநீலம் என்பதால் ஃபினிஷிங் ஃபோம் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பளி முறுக்கு நூலில் இரு பக்க பேட் இரண்டு, மெத்தென்ற கம்பளி ஒன்று. மூக்கு, கைப்பிடி, மோட்டார் மாட்டும் பலகையைச் சுற்றிய இடுக்குக்கு மூன்று அங்குல சின்ன பிளேட்டும் அதற்குக் கம்பளியும் ஃபோமும் ஒவ்வொன்று. மைக்ரோஃபைபர் பேட் என்று ஒன்று காட்டுவார்கள், அது டூயல் ஆக்ஷனில் வெட்டும் வேலைக்கு நல்லது, ரோட்டரியில் சூடேறி உரோமம் மடங்கிவிடும், அதனால் உங்களுக்கு வேண்டாம்.

கோவை, திருப்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு இதையும் சொல்லியாக வேண்டும். பட்டறைகளில் ஸ்டீல், அலுமினியம் மினுக்க வைத்திருக்கிற துணிச் சக்கரம், சைசல் சக்கரம், அதில் தேய்க்கிற பஃபிங் சோப்பு எல்லாமே நம் ஊரில் சல்லிசாகக் கிடைக்கும், யாராவது ஒருத்தர் "இதுலயே போட்டுப் பாருங்க" என்பார். உலோகம் தாங்கும் சூடு வேறு, ரெசின் தாங்கும் சூடு வேறு. அந்த மெழுகுச் சோப்பு ஜெல்கோட்டின் நுண்ணிய ஓட்டைகளில் புகுந்து உட்கார்ந்துகொண்டால் எடுக்கவே முடியாது. ஸ்டெயின்லெஸ் கைப்பிடியைக் கழற்றிக் கொண்டுபோய் அங்கே மினுக்கி வாருங்கள், படகை அங்கே கொண்டு போகாதீர்கள்.

காம்பவுண்டைப் பொறுத்தவரை ஜெல்கோட்டுக்கென்றே செய்ததை வாங்குங்கள், 3எம், ஃபரேக்லா கம்பெனிகளில் இருக்கிறது. கடுமையானது ஒன்று, நடுத்தரம் ஒன்று, இரண்டு போதும். ஒர்க்‌ஷாப்பில் டப்பாவில் வைத்திருக்கும் எண்ணெய்ப் பசை மிகுந்த சாதா ரப்பிங் காம்பவுண்டு கீறலை எண்ணெயால் நிரப்பி மறைக்கும், நாலு தடவை கழுவியதும் அத்தனையும் வெளியே வரும். எந்த காம்பவுண்டு போட்டாலும் ஒரு சின்ன இடத்தைத் தண்ணீர் கலந்த ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடைத்துப் பாருங்கள், துடைத்த பிறகு தெரிவதுதான் நிஜமான ஃபினிஷ்.

மெஷினை எடுக்கும் முன் படகைக் கழுவுவதிலேயே பாதி வேலை இருக்கிறது. உங்கள் குளம் போர் தண்ணீரில் நிரம்புகிறது என்றால் தண்ணீர்க் கோட்டை ஒட்டி வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவம் கட்டியிருக்கும், அது பேட்டில் மாட்டினால் மணல் மாதிரி கீறும். எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் கரைத்துத் துணியில் நனைத்துக் கொஞ்ச நேரம் ஒட்டி வைத்தால் இளகிவிடும். பொள்ளாச்சி பக்கம் கயிறு ஆலைகளிலிருந்து வருகிற தென்னைநார்த் துகள் ஈரத்தில் ஒட்டினால் பழுப்புக் கறை ஏறும், அதைத் தேய்த்து எடுக்க முயன்றால் நல்ல ஜெல்கோட்டுதான் வீணாகப் போகும். ஆக்சாலிக் ஆசிட் கரைசலைத் தடவி சிறிது நேரம் விட்டுக் கழுவினால் கறை வெளுத்துவிடும், துருக் கறையும் போகும். அது விஷம், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், கழுவிய தண்ணீர் குளத்தில் போய்ச் சேராதபடி படகைக் கரையேற்றி வைத்துச் செய்யுங்கள், மீன் இருக்கும். கடைசி அலசலுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீர் கிடைத்தால் நல்லது.

அதற்கப்புறம் இரண்டடிக்கு இரண்டடி ஒரு சதுரம் டேப் ஒட்டிச் சோதனை செய்யுங்கள். லேசானதில் ஆரம்பித்துக் கடுமைக்குப் போக வேண்டும். கட்டிங் ஃபோமும் நடுத்தர காம்பவுண்டும் முதலில், தேறவில்லையென்றால் மெத்தென்ற கம்பளி, அப்புறம் முறுக்குக் கம்பளியும் கடுமையான காம்பவுண்டும். அதிலும் சாம்பல் போகவில்லையென்றால்தான் 1,000 நம்பர் வாட்டர் பேப்பர், தண்ணீர் விட்டு, கட்டையில் சுற்றி. ரொம்ப மோசமான இடத்துக்கு மட்டும் 800. பேப்பர் பிடித்தால் 1,500, 2,000 வரை படிப்படியாக ஏற்றிவிட்டுத்தான் மெஷினை வைக்க வேண்டும், கருநீலத்தில் நடுவில் ஒரு நம்பரைத் தாண்டினால் அந்தக் கோடு கடைசி வரை மறையாது. விளிம்புகளிலும் முனைகளிலும் பேப்பரே பிடிக்காதீர்கள், அச்சில் வார்க்கும்போதே அங்கே ஜெல்கோட் மெல்லிசாகத்தான் இருக்கும். எந்தக் கூட்டணி அந்தச் சதுரத்தைத் தேற்றியதோ, அதே பேட், அதே காம்பவுண்டு, அதே வேகம் படகு முழுக்க.

கம்பளியில் ஒரு சுற்று எப்படிப் போக வேண்டும் என்று சொல்கிறேன். காம்பவுண்டைப் படகின் மேலேயே நாலைந்து பொட்டாக வையுங்கள், சுவிட்சைப் போடாமல் பேட்டாலேயே அதைச் சதுரம் முழுக்கப் பூசுங்கள், போட்டுவிட்டுப் பூசினால் சட்டையெல்லாம் தெறிக்கும். 1,000-ல் ஓட்டிப் பரப்பி, அப்புறம் 1,400, 1,600-க்கு ஏற்றுங்கள். பேட் கிட்டத்தட்டப் படுக்கையாக, ஒரு பக்கம் ரொம்ப லேசாகச் சாய்ந்தால் போதும். மெஷினின் எடையே பாதி அழுத்தம் கொடுத்துவிடும். இடமிருந்து வலமாக ஒரு முழம் தூரத்தை மூன்று நாலு விநாடியில் கடக்கிற நிதானத்தில் போங்கள், அடுத்த வரி முந்தைய வரியில் பாதியை மூடட்டும், அப்புறம் மேலிருந்து கீழாக அதே மாதிரி. முதல் சுற்றில் வெள்ளைக் காம்பவுண்டு சாம்பல் கலந்து அழுக்கு நீலமாக மாறும், பேட்டிலும் நீலம் ஏறும், ஜெல்கோட்டில் நிறம் முழுத் தடிமனுக்கும் கலந்திருப்பதால் அப்படித்தான் வரும், பயப்பட வேண்டாம். மூன்றாம் நாலாம் சுற்றில் அந்தக் கலங்கலான படலம் மெல்லிசாகி, அதன் ஊடாகவே கீழே ஈரம்போல மினுமினுப்பு தெரியும். அங்கே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஓட்டினால் காய்ந்த காம்பவுண்டு பொடியாகித் திரும்பக் கீறும். புறங்கையை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பு பரவாயில்லை, கையை எடுக்க வேண்டியிருந்தால் ஒரே இடத்தில் அதிகம் நின்றுவிட்டீர்கள். ஓரம் வரும்போது பேட் படகிலிருந்து வெளியே பார்த்து ஓடுகிற பக்கத்தை ஓரத்தில் வையுங்கள், ஓரத்தை நோக்கி மோதுகிற பக்கத்தை வைத்தால் மெஷின் கையை உதறிவிடும்.

ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பேட்டைச் சுத்தம் செய்யுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் "நல்ல பேட் வாங்கியும் வெட்டவில்லை" என்பார்கள். கம்பளி பேட்டுக்கென்று பல்சக்கரம் வைத்த ஒரு கருவி கிடைக்கும், மெஷினை 800-ல் ஓடவிட்டு நடுவிலிருந்து விளிம்புக்கு அதை இழுத்தால் காய்ந்த காம்பவுண்டு வெள்ளைப் புகையாக உதிர்ந்து, ஒட்டிக் கிடந்த நூல்கள் எல்லாம் பிரிந்து நிமிரும். முகமூடி போட்டுக்கொண்டு, படகுக்கு முதுகைக் காட்டி நின்று செய்யுங்கள். ஃபோமுக்கு நைலான் பிரஷ் போதும், கம்ப்ரசர் இருந்தால் காற்றடித்து எடுங்கள். நாள் முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் அலசி, காலி டிரம்முக்குள் மெஷினில் சுற்றி ஈரத்தை உதறிவிட்டு நிழலில் காயப் போடுங்கள். வெட்டுகிற காம்பவுண்டு பட்ட பேட்டை எக்காரணம் கொண்டும் மினுக்குகிற காம்பவுண்டுக்குப் போடாதீர்கள், பின்பக்கம் மார்க்கரில் எழுதியே வைத்துவிடுங்கள்.

துடைப்பதற்குத் திருப்பூர் பனியன் வேஸ்ட் தாராளமாகப் போதும், ஆனால் தையல் மடிப்பு, லேபிள், பட்டன் இல்லாத முழுப் பருத்தித் துண்டுகளாகப் பொறுக்கி எடுங்கள், பாலியெஸ்டர் கலந்த துணி கருநீலத்தில் மெல்லிய கோடு போடும். கடைசி மினுக்கலுக்குப் பிறகு மட்டும் மைக்ரோஃபைபர்.

பாதுகாப்பில் இரண்டு விஷயம். ஒன்று தோளில் துண்டு. நம் ஆட்களுக்குத் தோளில் துண்டு இல்லாமல் வேலை ஓடாது, ஆனால் ரோட்டரி அதன் நுனியைப் பிடித்தால் விநாடியில் கழுத்தோடு இழுத்துவிடும். துண்டு, லுங்கி, தளர்ந்த சட்டைக்கை எதுவும் கூடாது, வயரைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மின்சாரம். குளக்கரையில், ஈரத் தரையில் வேலை, அதனால் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) இல்லாத லைனில் மெஷினைச் சொருகவே வேண்டாம். மோட்டார் ரூமிலிருந்து நீளமாக வயர் இழுப்பதாக இருந்தால் 2.5 ஸ்கொயர் எம்எம் வயர் போடுங்கள், மெல்லிய எக்ஸ்டென்ஷனில் வோல்டேஜ் விழுந்து மெஷின் சூடாகும்.

எப்போது செய்வது என்றும் யோசியுங்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்று உங்கள் பக்கம் ஆனியிலிருந்து ஆவணி வரை மண்ணை வாரி இறைக்கும், ஒரு மணல் துகள் பேட்டில் சிக்கினால் படகு முழுக்க வட்ட வட்டமாகக் கோடு. பங்குனி, சித்திரை வெயிலில் காம்பவுண்டு வைத்ததுமே காய்ந்துவிடும். தை, மாசிதான் தோது, பனி ஈரம் காய்ந்த பிறகு காலையில் ஆரம்பித்து உச்சி வெயிலுக்கு முன் நிறுத்திவிடலாம். அதுவரை காத்திருக்க முடியாதென்றால் மூன்று பக்கம் பச்சை நிழல் வலை கட்டி, தரையை நனைத்துவிட்டு வேலை செய்யுங்கள்.

தளத்தில் வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பாக விட்டிருக்கும் இடத்தில் கம்பளி பேட்டை ஓட்டாதீர்கள், அங்கே பிரஷ் போட்டுக் கழுவினால் போதும், வேக்ஸும் பூசாதீர்கள், ஏறுகிறவர்கள் வழுக்கி விழுவார்கள்.

பாலிஷ் முடிந்த அன்றைக்கே பாலிமர் சீலன்ட்டோ நல்ல வேக்ஸோ இரண்டு கோட் பூசிவிடுங்கள். திறந்த ஜெல்கோட்டை வெயிலில் விட்டால் சில மாதத்தில் திரும்பச் சாம்பல் பூக்கும். சீலன்ட் போட்டாலும் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை கழுவித் திரும்பப் பூச வேண்டும், அதற்கு மெஷின்கூடத் தேவையில்லை, கையாலேயே முடியும். எல்லாவற்றையும்விட நிழல் பெரிது. உங்களிடம் தென்னை இருக்கிறது, குளத்தோரம் படகுக்கு ஒரு கொட்டகை போட்டுவிடுங்கள். ஆனால் வெறும் கீற்று மட்டும் வேய்ந்தால் மழையில் ஓலைச்சாறு பழுப்பாகச் சொட்டி நீங்கள் மினுக்கி வைத்த கருநீலத்தின் மேலேயே கறையாகும், அதனால் கீற்றுக்குக் கீழே தார்ப்பாயை இழுத்துக் கட்டி, படகின் மேல் படாதபடி ஓரடியாவது இடைவெளி விடுங்கள்.